தென்சென்னைக் குன்றுகள்: கடல் தெரியும் மலையேற்றமும் தொல்வரலாறும்

தென்சென்னைக் குன்றுகள் என்பவை பரங்கிமலை தொடங்கித் தாம்பரம், வண்டலூர் வரை, வங்கக் கடலிலிருந்து சற்று உள்வாங்கி ஆங்காங்கே எழுந்து நிற்கும் சிறு மலைகளாகும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் மலை, பச்சைமலை, திருநீர்மலை ஆகியவை இவற்றுள் பலரும் அறிந்தவை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்வோர் இக்குன்றுகளை நாள்தோறும் சன்னல் வழியே கடந்து செல்கின்றனர். பரங்கிமலை, திரிசூலம் ஆகிய இரண்டு நிலையங்களுக்கும் மலையை ஒட்டிய ஊர்ப்பெயரே பெயராக அமைந்துள்ளது.

நீலகிரியையும் ஏலகிரியையும் பார்த்தவர்களுக்கு இவை மலையாகவே தோன்றாமல் போகலாம். இவற்றில் புகழ்பெற்ற பரங்கிமலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி, அதாவது ஏறத்தாழ 90 மீட்டர்தான். ஆனால் ஒரு குன்றின் பயன் அதன் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் பொறுத்தது. சென்னையைச் சுற்றியுள்ள கடற்கரைச் சமவெளி தட்டையானது. தட்டையான நிலத்தில் 90 மீட்டர் மேடே பெரிய காவற்கோபுரம் ஆகிவிடும். கற்காலம் முதல் நில அளவைக் காலம் வரை மனிதர் இக்குன்றுகளைத் தேடி வந்ததற்கு இந்த அமைப்பே முக்கியக் காரணம்.

குன்றிலிருந்து கடல் எவ்வளவு தூரம் தெரியும்?

பூமி உருண்டை வடிவானது. ஆகவே ஒருவர் நிற்கும் உயரத்தைப் பொறுத்து அவருக்குத் தெரியும் அடிவானத்தின் தொலைவு மாறும். இதைக் கணக்கிட எளிய வழி உண்டு. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும்.

மெரினா மணலில் நிற்கும் ஒருவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருக்குக் கடல் சுமார் 4.4 கிலோமீட்டர் வரைதான் தெரியும். அதே மனிதர் 90 மீட்டர் உயரமுள்ள பரங்கிமலை உச்சியில் நின்றால் அடிவானம் சுமார் 34 கிலோமீட்டருக்கு விலகிச் செல்கிறது. பரங்கிமலையிலிருந்து கிழக்கே கடற்கரை 8 கிலோமீட்டர் அளவில் உள்ளது. அதைக் கழித்தால், தெளிவான வானிலையில் சுமார் 26 கிலோமீட்டர் அகலக் கடற்பரப்பு மலையுச்சிக்குத் தென்படும். கடற்கரையில் நிற்பவரைவிட, கடலிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் நிற்பவர் கடலை அதிகமாகப் பார்க்கிறார்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கடலோடிகளின் நிலை விளங்கும். 16 மீட்டர் உயரப் பாய்மரத்தின் மேல் ஏறி நிற்கும் மாலுமிக்கு அடிவானம் சுமார் 14 கிலோமீட்டர். மலையின் 34 கிலோமீட்டரையும் இதனுடன் கூட்டினால் 48 கிலோமீட்டர். அதாவது மலையுச்சி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது கப்பல் கரையிலிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். துறைமுகமும் கலங்கரை விளக்கமும் இல்லாத காலத்தில், கடலுக்கு அருகிலுள்ள குன்றுகள் கரையின் அடையாளமாக விளங்கியதற்குக் காரணம் இதுவே.

இத்தகைய அடையாள மலைகள் பிற கரைகளிலும் உண்டு. வட கேரளக் கடற்கரையில் கண்ணூருக்கு வடக்கே உள்ள ஏழிமலை அரபிக் கடலில் வருவோருக்கு அடையாளமாக இருந்தது. சங்க இலக்கியத்தில் நன்னன் என்னும் மன்னனுடைய ஏழில்மலையாகக் கூறப்படுவதும் இதுவே. இலங்கையில் திருகோணமலையின் கோணேசுவரர் கோயில், கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைக் குன்றின் மேல் உள்ளது. தென்சென்னைக் குன்றுகள் செய்த பணியும் இதுவே.

பாறையின் கதை

இக்குன்றுகளின் பாறை சார்னோக்கைட்டு எனப்படும். பார்வைக்குக் கருங்கல்லைப் போன்றே இருக்கும். புதிதாக உடைத்த பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறத்துடன், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்புடன் காணப்படும். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு பழுப்பாக மாறிவிடும். பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இப்பாறை உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதன் மேல் இருந்த பாறைகள் நெடுங்காலமாக அரிக்கப்பட்டுச் சென்றபின், கடினமான இப்பகுதிகள் குன்றுகளாக எஞ்சி நிற்கின்றன.

இப்பாறைக்குப் பெயர் வந்த விதம் வியப்பானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரும் கொல்கத்தா நகர வரலாற்றில் இடம்பெறுபவருமான ஜோப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அவரது கல்லறைக் கல்லை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிஞர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். அக்கல் சென்னைப் பகுதியின் இக்குன்றுகளிலிருந்து சென்றது. இன்று உலகின் பல கண்டங்களில் இவ்வகைப் பாறை கண்டறியப்பட்டுள்ளது. எங்கு கிடைத்தாலும் இப்பெயரே வழங்குகிறது. பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட்டுப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

மலையேறும் மாணவர்கள் படிக்கட்டின் ஓரத்தில் உள்ள பாறையைத் தொட்டுப் பார்த்தால், கோயில், மாதா கோயில், தர்கா எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பாறை என்பதை அறியலாம்.

பல்லாவரத்தில் கிடைத்த கற்கோடரி

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் கற்கள் தோண்டப்பட்ட ஒரு குழியில், இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் புவியியலாளர் மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலத்தைச் சேர்ந்த கருவி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முறையாக அடையாளம் காணப்பட்ட முதல் சான்றாக இது மதிக்கப்படுகிறது. ஃபுட் 'இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை' என்று அழைக்கப்படுகிறார்.

இக்கண்டுபிடிப்பின் காலத்தைக் கவனிக்க வேண்டும். அழிந்துபோன விலங்குகளின் காலத்திலேயே மனிதரும் வாழ்ந்தனர் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் பரவலாக ஏற்கத் தொடங்கியது 1859இல்தான். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்ததும் அதே ஆண்டில். நான்கே ஆண்டுகளில் பல்லாவரம் அந்தப் பேருரையாடலில் இடம்பெற்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுட், வில்லியம் கிங் என்பவருடன் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டறிந்தார். அந்த இடத்தில் பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்பது அதன் முடிவு. ஃபுட் சேகரித்த தொல்பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. எழும்பூரில் உள்ள இந்த அருங்காட்சியகத்தைப் பார்த்த பிறகு பல்லாவரம் மலைக்குச் செல்வது மாணவர்களுக்குப் பெரிதும் பயன்தரும்.

பல்லாவரத்தின் பழமை கற்காலத்துடன் முடியவில்லை. மலைப்பகுதியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்களும் உள்ளன. இறந்தோரின் எலும்புகளை வைத்துப் புதைத்த சுடுமண் ஈமப்பேழைகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ இங்கு அகழ்ந்தெடுத்தார். கால்கள் வைத்த நீள்தொட்டி போன்ற வடிவம் கொண்டவை இப்பேழைகள்.

பல்லவர் குடைவரை

பல்லாவரம் என்னும் பெயர் பல்லவபுரம் என்பதன் மருவிய வடிவமாகக் கொள்ளப்படுகிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் பாறையைக் குடைந்தே கோயில் அமைக்கும் முறையைத் தமிழகத்தில் வளர்த்தவர். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள அவரது கல்வெட்டு இதைப் பெருமையுடன் குறிப்பிடுகிறது.

அவர் காலக் குடைவரைகளுள் ஒன்று பல்லாவரம் மலையில் உள்ளது. ஐந்து கருவறைகளைக் கொண்ட இக்குடைவரையில் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் இவ்விடம் இசுலாமிய வழிபாட்டிடமாக மாறியது. இன்றும் தர்காவாக வழிபாட்டில் உள்ளது. வரலாறு காணச் செல்வோர் இது மக்கள் வந்து தொழும் இடம் என்பதை மனத்தில் கொண்டு, அங்குள்ளோரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படியே உள்ளே செல்ல வேண்டும்.

தாம்பரத்திற்குத் தெற்கே செங்கல்பட்டு அருகிலுள்ள வல்லம் குன்றிலும் மகேந்திரவர்மன் காலக் குடைவரை உண்டு. பல்லாவரத்தையும் வல்லத்தையும் பார்த்துவிட்டு மாமல்லபுரம் சென்றால், பல்லவர் கற்கலை எளிய தூண்களில் தொடங்கிச் சிற்பப் பெருவெளியாக விரிந்ததைப் படிப்படியாக உணரலாம்.

திரிசூலமும் திருநீர்மலையும்

விமான நிலையத்திற்கு எதிரே குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் திரிசூலநாதர் கோயில் உள்ளது. இறைவி திரிபுரசுந்தரி. முதலாம் குலோத்துங்கன் காலத்தைச் சேர்ந்த சோழர் கோயில் இது. கல்வெட்டுகளில் ஊரின் பெயர் திருச்சுரம் என்று காணப்படுகிறது. விமானம் ஏறி இறங்கும் ஓசைக்கு நடுவே ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கருவறை இருப்பதைப் பலர் அறியாமலே அவ்வழியே செல்கின்றனர்.

பல்லாவரத்திற்கு மேற்கே உள்ள திருநீர்மலை, வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. மலையடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மலைமேல் உள்ள கோயிலில் அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், நரசிம்மர் இருந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் காட்சி தருகின்றனர். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என நான்கு கோலங்களும் ஒரே தலத்தில் அமைந்திருப்பது இதன் சிறப்பு. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர்.

திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததாகவும், நீர் வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து வழிபட்டதாகவும் தலவரலாறு கூறுகிறது. இது சமய மரபுக் கதை. ஆயினும் நிலத்தைப் பார்த்தால் அக்கதை எங்கிருந்து பிறந்தது என்பது புரியும். மலையைச் சுற்றியுள்ள தாழ்நிலம் ஏரிகள் நிறைந்தது. வடகிழக்குப் பருவமழை பெருகும் ஆண்டுகளில் இன்றும் தென்புறநகரின் பல தெருக்களில் நீர் தேங்குகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு எது ஏரி, எது ஏரியாக இருந்த மனை என்பது படம்போல விளங்கும். கடற்கரைக்கு இம்மலை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மேற்கே உள்ளதால், இங்கு கடலைவிட நீர்நிலைகளும் மாலைச் சூரியனுமே சிறந்த காட்சிகள்.

பரங்கிமலை

போர்த்துகீசியரைப் பறங்கியர் என்று அழைத்த வழக்கிலிருந்து பரங்கிமலை என்னும் பெயர் வந்தது. இயேசுவின் சீடரான புனித தோமா கி.பி. முதல் நூற்றாண்டில் இங்கு உயிர்நீத்தார் என்பது கிறித்தவ மரபு. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் மலையுச்சியில் தேவாலயம் கட்டினர். 1547இல் அங்கு தோண்டியபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய மொழியான பகலவியில் எழுத்துகள் உள்ளன. போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர்கள் இக்கரைக்கு வந்து சென்றதற்கு இச்சிலுவை சான்றாகும்.

மலையேறும் படிக்கட்டு ஆர்மீனிய வணிகரான கோஜா பெட்ரஸ் உஸ்கானின் கொடை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் இவரே. அப்பாலம் இருந்த இடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. நகரிலிருந்து மலைக்கு வரும் பக்தர்கள் ஆற்றைக் கடக்கப் பாலமும், மலையை ஏறப் படியுமாக, ஒரே வணிகர் ஒரு முழு வழியையே அமைத்துத் தந்தார் எனலாம்.

படிக்கட்டின் மேலிருந்து கிழக்கே பார்த்தால் வீடுகளுக்கு அப்பால் கடல் ஒரு நீலக்கோடாகத் தெரியும். தெற்கில் விமான ஓடுதளமும் திரிசூலம், பல்லாவரம் குன்றுகளும் காணப்படும். உயர்ந்த கட்டடங்களும் புகைமூட்டமும் பெருகிவிட்டதால் எல்லா நாளும் கடல் தெளிவாகத் தெரிவதில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையே ஏற்ற நேரம்.

எவரெஸ்டை அளந்த கணக்கின் தொடக்கம்

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர் பரங்கிமலை அடிவாரத்தில் ஓர் அளவைப் பணியைத் தொடங்கினார். பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோட்டைச் சங்கிலியால் அளப்பதே அப்பணி. அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. பிற்காலத்தில் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை என்று புகழ்பெற்ற பணியின் அடிக்கோடு இதுவே.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளியில் படிக்கும் பாடம். லாம்டன் ஒரே ஒரு பக்கத்தைத் தரையில் அளந்தார். பிறகு குன்றுகளின் உச்சியிலிருந்து கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதும் கொண்டுசெல்ல வழிவகுத்தார். இதற்குத் தேவையானவை இரண்டு: சங்கிலி போடத் தட்டையான நிலம், அதன் இரு முனைகளிலும் ஒன்றையொன்று பார்க்கும் குன்றுகள். பரங்கிமலையும் பெரும்பாக்கமும் இவ்விரண்டையும் தந்தன.

57 நாட்கள் ஏன் ஆயின என்பதையும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். சங்கிலி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. எஃகு வெயிலில் நீளும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டுவிடும். ஏழரை மைலுக்கு அதை ஏறத்தாழ 400 முறை வைத்து அளக்க வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் பிழை 400 முறை சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் இப்பிழையைத் தவிர்க்கச் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அளந்தனர்.

கோணம் அளக்க இங்கிலாந்திலிருந்து வந்த தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். அது அறிவியல் கருவி என்பதை அறிந்தபின் சென்னைக்கே அனுப்பிவைத்தனர். அந்த அளவைப் பணி தலைமுறை தாண்டித் தொடர்ந்தது. உலகின் மிக உயர்ந்த சிகரம் எவரெஸ்டு என்பது 1856இல் அறிவிக்கப்பட்டதும் அப்பணியின் பயனே. உலகின் மிக உயர்ந்த மலையை அளந்த கணக்கு, 300 அடிக் குன்றின் அடிவாரத்தில் தொடங்கியது.

தாம்பரமும் பச்சைமலையும்

குன்றும் கடற்காற்றும் மருத்துவத்திற்கும் பயன்பட்டன. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே சிகிச்சை. மருத்துவர் டேவிட் சவரிமுத்து 1928இல் தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1937இல் அரசு அதை ஏற்றது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையத்தின் பெயர் அந்த மருத்துவமனையால் வந்தது.

நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர் காடு, சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் ஆகியவற்றில் இப்பகுதிக்கே உரிய புதர்க்காடு இன்னும் எஞ்சியுள்ளது. நன்மங்கலத்தில் கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறைச் சுவர்களில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. பெரும்பாக்கத்திற்கு அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது.

மாமல்லபுரம்: பாறையும் விளக்கும்

கடலை மிக அருகில் காண விரும்புவோர் தாம்பரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே உள்ள மாமல்லபுரம் செல்லலாம். அங்குள்ள பாறைக்குன்றில் மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலே ஒலக்கணேசுவரர் கோயில் உள்ளது. இராசசிம்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த கட்டுமானக் கோயில் இது. புதிய கலங்கரை விளக்கம் கட்டப்படும்வரை இக்கோயிலின் மேற்புறமே கப்பல்களுக்கு விளக்கேற்றும் இடமாகப் பயன்பட்டது. இன்று இரண்டும் அருகருகே நிற்கின்றன. குன்றின் மேல் நின்றால் கடற்கரைக் கோயிலும் அதன் பின்னே வங்கக் கடலும் ஒரே பார்வையில் அடங்கும். இந்நினைவுச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அதைத் தொடர்ந்த அகழாய்வில் பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் கிடைத்தது.

குறையும் குன்றுகள்

தென்சென்னைக் குன்றுகள் அனைத்தும் முழுமையாக இல்லை. சாலைக்கும் கட்டடத்திற்கும் ஜல்லி எடுக்கத் திரிசூலம், பல்லாவரம், பம்மல் பகுதிகளில் நெடுங்காலம் கல் உடைக்கப்பட்டது. குன்று இருந்த இடத்தில் பள்ளம் விழுந்து, மழைநீர் நிறைந்து கல்குட்டைகள் ஆயின. காடு வெட்டினால் மீண்டும் வளர்க்க முடியும். ஏரியைத் தூர்வார முடியும். 250 கோடி ஆண்டுப் பாறையை மீண்டும் உண்டாக்க எவராலும் முடியாது. கல்லோடு சேர்ந்து கற்காலக் கருவிகளும் ஈமச் சின்னங்களும் ஜல்லியாகிப் போகும் வாய்ப்பும் உண்டு.

கல்குட்டையால் பயனும் உண்டு. 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக வழங்கினர்.

தொல்லிடங்களைக் காப்பதிலும் எளிதில் தீராத சிக்கல் உள்ளது. 2010இல் திருத்தப்பட்ட நடுவண் அரசின் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பல்லாவரத்தில் தொல்லிடத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. வாழ்நாள் சேமிப்பில் மனை வாங்கியவருக்கு மேல்மாடி கட்ட முடியாத வருத்தம். தொல்லியலாளருக்கு எஞ்சியதும் போய்விடுமோ என்னும் கவலை. இரண்டும் நியாயமானவை. எல்லையைத் தெளிவாக அளந்து, மனை வாங்குமுன்பே மக்கள் அறியும்படி அறிவித்தால் இப்பிணக்கு பெரிதும் குறையும்.

ஏறுவோர் கவனத்திற்கு

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் பாறை வெயிலை வாங்கி மாலை வரை வெளிவிடும். ஆகவே காலை 8 மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. இடிமின்னல் நேரத்தில் உச்சியில் நிற்கக்கூடாது.

கல்குட்டையில் எக்காரணத்தாலும் இறங்கக்கூடாது. ஏரிக்கரை போல இதற்குச் சரிவான கரை கிடையாது. பாறை செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதால் முதல் அடியிலேயே ஆழம் தொடங்கிவிடும். பாசி படிந்த சுவரில் பிடிக்க இடம் இருக்காது. நீச்சல் தெரிந்த இளைஞர்களும் இத்தகைய குட்டைகளில் இறந்துள்ளனர். மூழ்குபவரைக் காக்கக் குதிப்பதைவிடக் கயிறு, துணி, மரக்கிளை ஆகியவற்றை நீட்டி, உடனே 108, 112 எண்களுக்கு அழைப்பதே அறிவுடைமை.

இப்பகுதிக் குன்றுகளில் சில படைத்துறைக்கும் வனத்துறைக்கும் உரியவை. தடுப்பு உள்ள இடத்தில் அனுமதியின்றி நுழையக்கூடாது. விமான நிலையம் அருகில் உள்ளதால் ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படி குற்றமாகும். பாறையில் பெயர் கீறுவதும் வண்ணம் பூசுவதும் கூடாது. கருவி போன்ற கல்லோ பானை ஓடோ கண்ணில் பட்டால், எடுத்துச் செல்லாமல் இருந்த இடத்திலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இடம் மாறிய தொல்பொருள் தன் சான்றில் பாதியை இழந்துவிடும்.

ஒரு நாள் பயணம்

காலையில் பரங்கிமலை நிலையத்தில் இறங்கிப் படிக்கட்டு வழியே ஏறிக் கடலைப் பார்க்கலாம். அங்கிருந்து ரயிலில் மூன்றாவது நிலையமான திரிசூலத்தில் இறங்கி, உச்சிக்கால நடை சாத்துவதற்கு முன் சோழர் கோயிலைக் காணலாம். அடுத்த நிலையம் பல்லாவரம். அங்குள்ள குடைவரையைப் பார்த்து மதிய உணவை முடித்துக்கொண்டு, மாலையில் பேருந்தில் திருநீர்மலை சென்று மேலிருந்து சூரியன் மறைவதைக் காணலாம். நான்கு இடங்களும் ஒரே நாளில் அடங்கும். செலவும் மிகக் குறைவு.

ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் சென்றால் மூன்று சிறு வேலைகளைக் கொடுக்கலாம். மலையுச்சியில் நின்று அடிவானக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியும் நீர்நிலைகளை வரைபடத்துடன் ஒப்பிடுவது. ஒவ்வொரு மலையிலும் எத்தனை காலத்து, எத்தனை மொழி எழுத்துகள் உள்ளன என்று பட்டியலிடுவது. பல்லவ கிரந்தம், சோழர் காலத் தமிழ், பகலவி ஆகிய மூன்றும் நான்கைந்து ரயில் நிலையத் தூரத்திற்குள் கிடைப்பதை அப்பட்டியலே அவர்களுக்குக் காட்டிவிடும்.